வெண்ணெய் இருக்கிறது, நெய்க்கு அலைகிறார்கள்!

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். அடுப்படியிலே சொன்னால் அது வேடிக்கைப் பேச்சு. ஒரு நாடே அப்படி அலைந்தால்? இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள், தந்தை அலைந்த தடத்திலே மகனும் அலைந்தால்? அதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா, அல்லது எவரோ நடத்துகிற வியாபாரம் என்பதா?

நைஜீரியாவைச் சொல்கிறேன், தோழர்களே! மேற்கு ஆப்பிரிக்காவிலே உள்ள நாடு. நைஜர் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், சேற்றுக்கும் மண்ணுக்கும் கீழே, எண்ணெய் கிடக்கிறது. நாளொன்றுக்கு இருபது இலட்சம் பீப்பாய்க்கு மேல் இறைத்த ஆண்டுகள் உண்டு. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எண்ணெய் இறைத்த நாட்டிலே, லாகோஸ் நகரத்துப் பெட்ரோல் பங்க்கிலே, விடியுமுன் வந்து வரிசையில் நின்றான் டாக்சிக்காரன். பொழுது சாய்ந்தது, வரிசை நகரவில்லை. வண்டிக்குள்ளேயே முடங்கித் தூங்கினான். ஏன் பெட்ரோல் இல்லை? கப்பல் வரவில்லையாம்! எந்தக் கப்பல்? ஐரோப்பாவிலிருந்து பெட்ரோல் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய கப்பல்! கறுப்பாகப் போன எண்ணெய், விலை ஏறி, வெளுத்துத் திரும்பி வருகிற கப்பல்! ஒரு நாள் ஒரு வாரத்துச் சங்கதியல்ல. பல பத்தாண்டுகள் அந்த நாட்டு மக்கள் கண்டு சலித்த காட்சி.

வரிசை என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நான் போய்ச் சேருமுன் பீப்பாய் தீர்ந்துவிடும். வெறும் டின்னோடு வீடு திரும்பும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற கவலைதான் பெரிது. ஆனால் எங்கள் ஊரில் எண்ணெய்க் கிணறு இல்லை. இல்லாத ஊரிலே இல்லை என்றார்கள். இருக்கிற ஊரிலே இல்லை என்று சொன்னால், அந்தத் தாயின் கோபத்துக்கு என்ன பதில்?

எப்படி வந்தது இந்த நிலை? ஆரம்பத்திலிருந்து வருவோம்.

வெள்ளையர் ஆண்டபோதே, 1914-ஆம் ஆண்டிலேயே, ஒரு சட்டம் செய்தார்கள். நைஜீரியாவில் எண்ணெய் தேடும் உரிமை பிரிட்டிஷ் குடிகளுக்கும் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கும் மட்டுமே! எண்ணெய் கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியாத காலம். குழந்தை பிறக்குமுன்பே கொலுசுக்கு வாரிசு எழுதி வைத்தார்கள்! 1938-இல், நாடு முழுவதிலும் தோண்டிப் பார்க்கும் உரிமை ஒரே ஒரு கூட்டுக் கம்பெனியின் கையிலே போய்ச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு, ஒலோய்பிரி என்னும் சிற்றூரில், விற்பதற்குப் போதுமான எண்ணெய் கிடைத்தது. 1958 பிப்ரவரியில் முதல் கப்பல் புறப்பட்டது. 1960 அக்டோபர் 1-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே: முதலில் கப்பல் போயிற்று, பிறகுதான் கொடி ஏறிற்று!

எண்ணெய்க்கு முன்னே இருந்தது கரி. அதையும் சொல்லியாகவேண்டும், பாட்டாளிகள் படிக்கிற பத்திரிகையிலே அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. எனுகு என்ற ஊரிலே நிலக்கரிச் சுரங்கம். இரயில் ஓடியது அந்தக் கரியாலே. விளக்கு எரிந்தது அந்தக் கரியாலே. வெட்டியவன் கேட்டதோ பாக்கிக் கூலி, வீட்டு வாடகைப் படி. 1949 நவம்பரில் வேலையை மெதுவாகச் செய்து எதிர்ப்பைக் காட்டினார்கள். சுரங்கத்திலிருந்த வெடிமருந்தை எடுத்துப்போகப் போலீசை அனுப்பியது சர்க்கார். வெடிமருந்து போனால் கதவடைப்பு வரும் என்று அஞ்சிய தொழிலாளர் திரண்டு நின்றார்கள். நவம்பர் 18-ஆம் நாள், ஐவா பள்ளத்தாக்கிலே, துப்பாக்கி பேசியது. 21 தொழிலாளர்கள் பிணமானார்கள். 51 பேர் குண்டடி பட்டார்கள். அவர்கள் கையிலே இருந்தவை சுரங்கத்துக் கருவிகள். நெஞ்சிலே இருந்தது கூலிக் கோரிக்கை. அந்த இரத்தம் சிந்திய பிறகுதான், பல துண்டாகக் கிடந்த விடுதலை இயக்கத்தார் ஒரு மேடைக்கு வந்தார்கள். நைஜீரியாவின் சுதந்திரக் கதையிலே எரிபொருளும் தொழிலாளியும் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டுவிட்டார்கள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

கிணற்றிலிருந்து வருகிற கச்சா எண்ணெயை அப்படியே ஊற்றி வண்டி ஓட்டமுடியாது. அதைக் காய்ச்ச வேண்டும், பிரிக்க வேண்டும். ஒரு சூட்டிலே பெட்ரோல், ஒரு சூட்டிலே மண்ணெண்ணெய், ஒரு சூட்டிலே டீசல், அடியிலே தங்குவது சாலைக்குப் போடும் தார். இடையிலே கிடைப்பதைக் கொண்டு பிளாஸ்டிக்கும் சாயமும் மருந்தும் செய்கிறார்கள். அந்த உருக்கும் அடுப்புக்குப் பெயர்தான் சுத்திகரிப்பு ஆலை. அடுப்பு யார் வீட்டிலே இருக்கிறதோ, அவர் வீட்டிலே நெய் மட்டுமா கிடைக்கும்? வேலை கிடைக்கும், தொழில் கிடைக்கும், அடுத்த தொழிலுக்கு வித்து கிடைக்கும்.

நம் சென்னையை அடுத்த மணலியைப் பாருங்கள். 1969 முதல் ஆலை ஓடுகிறது. அங்கே உருக்கும் எண்ணெயிலே பெரும்பகுதி நம் மண்ணிலே ஊறியதல்ல; கப்பலேறி வந்தது. இந்தியா தனக்கு வேண்டிய எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலே வாங்குகிறது. நைஜீரியாவிடமும் வாங்கியது, நிறையவே வாங்கியது. 2010-க்குப் பிறகு அமெரிக்கா தன் பாறைகளைப் பிளந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கி நைஜீரியச் சரக்கைக் குறைத்துக்கொண்டபோது, முன்வரிசை வாடிக்கையாளராகப் போய் நின்றது இந்தியாதான். வாங்கியதை உருக்கி, தன் தேவை போக மிச்சத்தைப் பிற நாடுகளுக்கு விற்கவும் செய்கிறது. மாடு இல்லாதவன் நெய் விற்கிறான். மந்தை வைத்திருந்தவன் நெய்க்கு அலைந்தான்! ஆகவே, வளம் என்பது மண்ணுக்குள் இருப்பது மட்டும் அல்ல. மண்ணுக்கு மேலே நாம் கட்டுவது.

நைஜீரியா கட்டவில்லையா? கட்டியது! போர்ட் ஹார்கோர்ட்டில் 1965-இல் ஒன்று, வாரியில் 1978-இல் ஒன்று, கடுனாவில் 1980-இல் ஒன்று, மறுபடியும் போர்ட் ஹார்கோர்ட்டில் 1989-இல் ஒன்று. நாலு ஆலை, நாலும் அரசாங்கத்துடையவை. நாலும் ஒழுங்காக ஓடினால் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் உருக்கலாம். ஓடினவா? இயந்திரம் என்பது மாட்டைப் போல; தீனி போட்டால் போதாது, இலாடமும் கட்டவேண்டும். இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒருமுறை நிறுத்தி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி ஓட்டவேண்டும். அந்தப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய பணம் ஒதுங்கிப் போயிற்று. ஆலை துருப்பிடித்துப் போயிற்று. 2021-இல் போர்ட் ஹார்கோர்ட் ஆலையைச் செப்பனிட 150 கோடி டாலர் என்றார்கள். 2024 நவம்பரில் பழைய ஆலையைத் திறந்து கைதட்டினார்கள். 2025 மே மாதம் மறுபடியும் மூடினார்கள். ஆறு மாதத்துக் கல்யாணம்!

ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு ஒரு கூட்டம் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறது: "ஆப்பிரிக்கனுக்கு ஆளத் தெரியாது." இது வெள்ளைத் துரைமார் விட்டுப்போன பழைய பாட்டு. இதே பாட்டை நம்மைப் பார்த்தும் பாடியவர்கள்தாம் அவர்கள்! தெரியாமல் ஓடாமல் போகவில்லை, தோழர்களே. ஆலை ஓடினால் சிலருடைய அடுப்பு அணையும், அதனால் ஓடவில்லை.

விளக்குகிறேன். பெட்ரோலை வெளியூரிலே வாங்கி, உள்ளூரிலே விலை குறைத்து விற்பதற்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. எண்ணெய் நாட்டிலே பிறந்த ஏழைக்கு அந்த எண்ணெயிலே கிடைத்த ஒரே பங்கு, மலிவான பெட்ரோல். பேருந்துக் கட்டணம், மாவு அரைக்கிற கூலி, சந்தைக்கு வருகிற கிழங்கின் விலை, எல்லாம் அதிலே தொங்கிற்று. ஆனால் மானியப் பணம் ஏழையின் கைக்கா போயிற்று? இறக்குமதித் தரகனின் கணக்குக்குப் போயிற்று. இத்தனை கப்பல் வந்தது, இத்தனை லிட்டர் இறங்கியது என்று காகிதம் காட்டினால் போதும். காகிதத்திலே மிதந்த கப்பல் பல, கடலிலே மிதக்கவில்லை!

2012 ஜனவரி முதல் நாள், திடீரென்று மானியத்தை நிறுத்தினார்கள். 65 நைரா விற்ற பெட்ரோல் ஒரே இரவில் 141 நைரா. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; பொது வேலைநிறுத்தம்; நகரங்கள் உறைந்து நின்றன. அரசு இறங்கி வந்து 97 நைரா என்றது. பிறகு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மூன்றாண்டுகளில் 680 கோடி டாலர் மானியத்தின் பெயரால் முறைகேடாகப் போயிருக்கிறது என்று அறிக்கை தந்தது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தால், அடுத்த அங்கத்தைக் கேளுங்கள்: அந்த விசாரணைக் குழுவின் தலைவரே, ஒரு எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 2021-இல் தண்டனை பெற்றார். வேலியே பயிரை மேய்வது நமக்குத் தெரிந்த கதை. வேலியைப் பற்றி விசாரிக்க வந்தவனும் மேய்ந்த கதை இது.

வந்த பெட்ரோலாவது நல்ல பெட்ரோலா? ஐரோப்பியத் துறைமுகங்களில் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய டீசலிலும் பெட்ரோலிலும், ஐரோப்பாவில் விற்கவே அனுமதியில்லாத அளவுக்குக் கந்தகம் இருந்தது என்பதை 2016-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டு அமைப்பு ஒன்றே எடுத்துக் காட்டியது. அங்கே டீசலில் பத்து இலட்சத்துக்குப் பத்து பங்கு என்பது வரம்பு; நைஜீரியாவில் அப்போது சட்டம் அனுமதித்தது மூவாயிரம் பங்கு! தூய எண்ணெயை விற்றவன் அழுக்கு எண்ணெயை வாங்கினான். அவன் பிள்ளை இருமியது.

2023 மே மாதம் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே மானியம் போயிற்று. 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் 500-ஐத் தொட்டது. 2024 முடிவதற்குள் ஆயிரம் நைராவைச் சுற்றி நின்றது. மானியத்திலே திருட்டு நடந்தது உண்மை. ஆனால் திருடனைப் பிடிக்க முடியாதவன், திருட்டுக் கொடுத்தவன் வீட்டுப் பானையைப் போய் உடைப்பது என்ன நீதி? பேருந்து வேண்டும், வீட்டுக்கு மின்சாரம் வேண்டும். அவற்றைக் கொடுத்துவிட்டு மானியத்தை எடுத்தால் அது சீர்திருத்தம். கொடுக்காமல் எடுத்தால், அதற்கு வேறு பெயர். இதிலே பொருளாதார நிபுணர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மின்சாரம் என்றேன். அந்தக் கதை தனிக்கதை.

1972-இல் ஏற்பட்ட மின்சார வாரியத்துக்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நெப்பா' என்று பெயர். அந்த நாலு எழுத்துக்கும் மக்கள் வேறு விரிவு சொன்னார்கள்: "எப்போதும் மின்சாரத்தை எதிர்பார்க்காதே!" 2005-இல் வாரியத்தின் பெயரை மாற்றினார்கள். புதிய எழுத்துகளுக்கும் விரிவு தயார்: "சங்கடம் பெயரை மாற்றிக்கொண்டது!" 2013-இல் தனியாருக்கு விற்றார்கள், சங்கடம் முதலாளியையும் மாற்றிக்கொண்டது. இருபது கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டிலே, கம்பி வழியாக வருவது நாலாயிரம், ஐயாயிரம் மெகாவாட்டைச் சுற்றியே நின்றது. எட்டுக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குக் கம்பியே எட்டவில்லை என்று 2021-இல் உலக வங்கி கணக்கிட்டது. 2024-இல் மட்டும் நாட்டு மின்தொகுப்பு பலமுறை சரிந்து விழுந்தது.

ஆகவே வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். கடைக்கு ஒன்று, முடிவெட்டுகிற நிலையத்துக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. கைப்பிடியில் தூக்கிப்போகிற சின்ன ஜெனரேட்டருக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர்: 'அண்டை வீட்டானைவிட நான் மேல்!' அந்த ஒரு பெயரிலே அடங்கிக் கிடக்கிறது ஒரு நாட்டின் பொருளாதாரம். பொது விளக்கு அணைந்தபோது, தனி விளக்கிலே வந்தது தற்பெருமை. அதன் புகை வீட்டுக்குள் அடைந்து, குடும்பத்தோடு தூக்கத்திலேயே செத்தவர்களும் உண்டு.

இதிலே இன்னொரு கொடுமை. எண்ணெய் இறைக்கும்போது கூடவே எரிவாயு வரும். அதைக் குழாயில் பிடித்தால் அடுப்பெரிக்கலாம், மின்சாரம் எடுக்கலாம், உரம் செய்யலாம். பிடிக்கச் செலவாகும், கொளுத்திவிட்டால் செலவில்லை. கொளுத்தினார்கள்! இரவும் பகலும், ஊருக்குப் பக்கத்திலே, வானளாவ எரிகிறது தீ. அந்தக் கிராமங்களில் குழந்தைகள் இருட்டைக் கண்டதில்லை. அதே குழந்தைகள் வீட்டுக்குள்ளே மின்விளக்கையும் கண்டதில்லை! அந்தத் தீயின் அனலிலே மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து விற்றுப் பிழைக்கிறார்கள் பெண்கள். 1979-இல் சட்டம் போட்டார்கள், 1984 ஜனவரி முதல் நாளோடு இந்தக் கொளுத்தல் நிற்கவேண்டும் என்று. நாற்பதாண்டு கடந்தும் தீ நிற்கவில்லை. குறைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்; 1999 முதல் போனித் தீவிலிருந்து வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஐரோப்பாவின் அடுப்பு எரிகிறது. நைஜீரியத் தாய்மார்களிலே பெரும்பாலோர் விறகடுப்பை ஊதுகிறார்கள்.

உலகம் சூடேறுகிறது, வளரும் நாடுகள் எரிபொருளைக் குறைக்கவேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்கள். சூடேறுவது உண்மை, அந்தச் சூடு முதலில் சுடப்போவதும் ஏழை நாட்டைத்தான். நிலைத்த வளர்ச்சி என்று அழகான பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஆனால், ஒரு பானை சோறுகூட வேகாமல் வீணாக எரிந்த அந்தத் தீயை, அறுபது ஆண்டுகளாக யார் கொளுத்தினார்கள், யார் இலாபம் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டல்லவா, விறகடுப்பு ஊதுகிறவளுக்கு உபதேசம் செய்யப் புறப்பட வேண்டும்?

கேட்டான் ஒருவன். கேட்டவனைத் தூக்கிலே போட்டார்கள்.

கென் சாரோ-விவா. ஓகோனி இனத்தவர், எழுத்தாளர், தொலைக்காட்சியிலே நாடெங்கும் சிரிக்கவைத்த நகைச்சுவை நாடகக்காரர். எங்கள் நிலம் கெட்டது, நீர் கெட்டது, மீன் செத்தது. எங்கள் மண்ணிலே எடுத்த செல்வத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டார். 1990-இல் ஓகோனி மக்கள் உரிமைச் சாசனம் எழுதினார்கள். 1993 ஜனவரி 4-ஆம் நாள், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கொண்ட அந்தச் சின்ன இனத்திலே, மூன்று இலட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். கையிலே ஆயுதமில்லை. அடுத்த ஆண்டு நாலு ஓகோனித் தலைவர்கள் கொலையுண்டார்கள். அந்தக் கொலைக்குத் தூண்டினார் என்று சாரோ-விவாவின்மீது குற்றம் சாட்டியது இராணுவ ஆட்சி. தனி நீதிமன்றம்; அவசரத் தீர்ப்பு. 1995 நவம்பர் 10 அன்று, அவரையும் அவரோடு எட்டுப் பேரையும் போர்ட் ஹார்கோர்ட்டில் தூக்கிலிட்டார்கள். உலகமே காறி உமிழ்ந்தது. 2025 ஜூனில், முப்பது ஆண்டு கழித்து, அந்த ஒன்பது பேருக்கும் 'மன்னிப்பு' வழங்கியது அரசு. யார் யாருக்கு வழங்குவது மன்னிப்பு?

அவர் சொன்னது பொய்யா? ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஓகாலே என்னும் ஊரில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரிலே பென்சீன் என்ற நஞ்சு, உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவைப்போல் 900 மடங்குக்கு மேல்! முழுவதும் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டு ஆகும் என்றார்கள். போடோ என்ற மீனவர் ஊரிலே 2008-இல் குழாய் உடைந்து எண்ணெய் கொட்டியது. ஊரார் இலண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015-இல் ஷெல் கம்பெனி ஐந்தரைக் கோடி பவுன் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. அதே கம்பெனி 2025 மார்ச்சில் நிலப்பகுதி எண்ணெய்த் தொழிலை ஒரு உள்நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஆழ்கடலோடும் வாயுவோடும் நிறுத்திக்கொண்டது. கரையிலே கிடக்கும் கறையை இனி யார் கழுவுவது என்ற வழக்காடல் ஓயவில்லை.

பங்கு என்று சாரோ-விவா கேட்டாரே, அதிலும் ஒரு கணக்கு உண்டு. விடுதலை பெற்ற நாளிலே, தாதுப் பொருள் வருமானத்தில் பாதி அது விளைந்த பிராந்தியத்துக்கு என்று இருந்தது. எண்ணெய் பெருகப் பெருக, பங்கு சுருங்கச் சுருங்க, இடையிலே 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போரும் வர, 1969-இல் எண்ணெய் முழுவதும் மத்திய அரசின் உடைமை என்று இராணுவ அரசு ஆணை பிறப்பித்தது. 1999 அரசியல் சட்டம், குறைந்தது 13 சதவீதம் என்கிறது. வருவாயை மையத்திலே குவித்து, விளைந்த இடத்துக்குக் கிள்ளிக் கொடுப்பது. இதை நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

எண்ணெய் வந்து வேறொன்றையும் விழுங்கிற்று. கானோ நகரத்திலே நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரமாக அடுக்கி வைப்பார்கள். படத்திலே பார்த்தாலே கண் விரியும். தெற்கிலே செம்பனை எண்ணெய், மேற்கிலே கோக்கோ. 1973-74-இல் எண்ணெய் விலை நாலு மடங்காக உயர்ந்ததும், ஏர் பிடித்தவன் நகரத்துக்கு ஓடினான். வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது. உள்ளூர் விளைச்சல் விலைபோகவில்லை. கடலைக் கோபுரம் காணாமற்போயிற்று. மலேசியத் தோட்டங்களிலே செம்பனைக் குலை வெட்டிய நம் தமிழனுக்கு அந்த மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா என்று தெரிந்திருக்குமோ தெரியாதோ. பூர்வீக நாடான நைஜீரியாவோ, அதே எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தது.

நார்வேயைப் பார், எண்ணெய்ப் பணத்தை எப்படிச் சேர்த்து வைத்தான் என்று உதாரணம் காட்டுவார்கள். பார்க்கலாம். 1969-இல் எண்ணெய் கண்டான். 1972-இல் அரசுக் கம்பெனி தொடங்கினான். 1990-இல் சட்டம் செய்து, 1996 முதல் பணத்தைப் பேரன் பேத்திக்கென்று ஒதுக்கினான். ஒன்றரை இலட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது அந்தச் சேமிப்பு. மெச்சவேண்டியதுதான். ஆனால் அவன் தொகை ஐம்பத்தைந்து இலட்சம். நைஜீரியா அதைப்போல் நாற்பது மடங்கு. நார்வே வீட்டு விளக்கு எண்ணெயில் எரியவில்லை, அருவி நீர் மின்சாரத்தில் எரிகிறது. எண்ணெய்க்கு முன்பே அவனுக்குப் பள்ளிக்கூடமும் பொறியாளனும் வாக்குச்சீட்டும் இருந்தன. நைஜீரியனுக்கு எண்ணெயும் துப்பாக்கியும் சேர்ந்தே வந்தன.

அந்தத் துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்கள் யார்? எண்ணெய்த் தொழிலாளர்கள்! 1993 தேர்தலை இராணுவம் செல்லாது என்று அறிவித்தது. 1994 ஜூலையில், எண்ணெய்த் தொழிலாளர் சங்கங்கள் வேலையை நிறுத்தின. கூலி உயர்வுக்காக மட்டுமல்ல. மக்கள் தேர்ந்தெடுத்தவனிடம் ஆட்சியைக் கொடு என்று! நாட்டின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு எந்தக் குழாயில் ஓடுகிறதோ, அந்தக் குழாயைத் திருகும் கை தங்கள் கை என்று காட்டினார்கள். சங்கத்தின் பொதுச் செயலாளர் ஃபிராங்க் கொக்கோரியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சர்வாதிகாரி செத்த 1998-இல்தான் வெளியே வந்தார்.

இப்போது அடுப்பு வந்திருக்கிறது. லாகோசுக்குப் பக்கத்திலே லெக்கியில், ஒரே ஒரு முதலாளி, அலிகோ டாங்கோட்டே, கட்டியிருக்கிறார். நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் உருக்கும் ஆலை. நாலு அரசு ஆலையும் சேர்ந்தாலும் அதற்கு ஈடில்லை. ஏறத்தாழ 2,000 கோடி டாலர் செலவு. திட்ட ஆலோசனைக்கு அமர்த்தப்பட்டது இந்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இஞ்சினியர்ஸ் இந்தியா. நம் பொதுத்துறைப் பொறியாளர்கள் அங்கே போய் வரைந்து கொடுத்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பொதுத்துறை எதற்கும் உதவாது என்று பேசுவோருக்கு இதைச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் டீசல் வந்தது. செப்டம்பரில் பெட்ரோல் வந்தது. வெண்ணெய் உள்ள வீட்டிலே கடைசியில் நெய் மணக்கிறது! மகிழவேண்டிய சங்கதி, மகிழ்கிறேன்.

ஆனாலும் வியப்பைக் கேளுங்கள்: உள்நாட்டு எண்ணெய் போதிய அளவு கிடைக்கவில்லை என்று அந்த ஆலை அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெய் வரவழைத்தது! நாட்டு எண்ணெயிலே ஒரு பகுதி, வாங்கிய கடனுக்கு ஈடாக முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. இருபது சதவீதப் பங்கு எடுப்பதாக இருந்த அரசு எண்ணெய் நிறுவனத்தின் கையிலே நின்றது 7.2 சதவீதம். பல தரகர் கையிலிருந்த பெட்ரோல் ஒரு முதலாளி கைக்கு வருகிறதா என்ற அச்சமும் எழுந்தது. அச்சம் வீண் என்று சொல்ல நான் தயாரில்லை.

2025 செப்டம்பரில் அந்த ஆலை 800-க்கு மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. சங்கத்தில் சேர்ந்ததற்காகவே அனுப்பினார்கள் என்றது சங்கம். நாசவேலை நடந்தது, அதனால் மறுசீரமைப்பு என்றது நிர்வாகம். எண்ணெய்த் துறை அலுவலர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆலைக்குப் போகும் எண்ணெயையும் வாயுவையும் நிறுத்தச் சொன்னது. நாட்டின் மின்சாரமே தள்ளாடிற்று. அமைச்சர்கள் நடுவிலே வந்தார்கள். இரவும் பகலும் பேச்சு. வேலை போனவர்களை அதே குழுமத்தின் பிற கம்பெனிகளில், சம்பளம் குறையாமல் அமர்த்துவது என்று முடிவாகி, வேலைநிறுத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று அக்டோபர் 1. நைஜீரியாவின் அறுபத்தைந்தாவது விடுதலை நாள்.